ஆறு வீட்டு வாளி

எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன சமையல் என்பது இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் சமைத்தவர். இன்னொருவர் என் வீட்டு மேற்கு மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அம்மா. சாப்பிட்டவர்களுக்கு உறுதியாகத் தெரியாது. என் வீட்டில் நானே பல நாள் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்று ஆண்டு பக்கத்தில் இருந்தும் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. முப்பத்துநான்கு ஆண்டு அரசு அலுவலகத்தில் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். மனுவில் தகப்பனார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் பெயர் மட்டும் என் கோப்பில் ஏறாமலே போய்விட்டது. தெருவுக்கு அவர் அக்கா. என் மனைவியை அவர் மதினி என்பார். எனக்கு அவர் அந்த அம்மா. அவருக்கு நான் சார்.

பாளையம்பட்டி ஓரத்தில், டவுன் பஸ் திரும்புகிற இடத்துக்குப் பின்னால் எங்கள் தெரு. மொத்தம் ஏழு வீடு. அந்த அம்மா நரிக்குடிப் பக்கம் பிறந்து, ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டு ஓய்வு பெற்றவர். மகளுக்கு இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அதற்காக வாடகைக்கு வந்தார்கள். இருநூறு பேருக்கு ஆக்கிய கைக்கு இரண்டு பேர் சமையல் போதவில்லை போலும். வந்த மூன்றாவது மாதம் கொல்லையில் பழைய செங்கலை இடைவெளி விட்டு அடுக்கி, இடுப்பளவுக்கு ஒரு தொட்டி கட்டினார். அதில் உரம் சமைக்க ஆரம்பித்தார்.

சமைக்க என்று கேலிக்காகச் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் பேசுவார். "இன்னும் வேகல சார்" என்பார். "அடிப்பக்கம் குழைஞ்சிருச்சு, கிண்டி விடணும்" என்பார். காய்த்தோல் ஒரு படை, வேப்பஞ்சருகு ஒரு படை, ஆட்டுப் புழுக்கை ஒரு கை, மேலே கரிசல் மண் தூவல். இந்த ஊரில் மழையை நம்பி எதையும் நனைக்க முடியாது. குழாயில் தண்ணீர் வருவது அதன் இஷ்டம். அரிசி கழுவிய தண்ணீரையும் புளித்த மோரையும் தெளிப்பார். தெளித்த பிறகு ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பார்ப்பார்.

"புட்டு மாவு மாதிரி இருக்கணும் சார். பிடிச்சா பிடிபடணும், உதுத்தா உதிரணும். தண்ணி சொட்டுச்சுன்னா நாறும். காஞ்சு கெடந்துச்சுன்னா வேகாது."

மார்கழிக் காலையில் அவர் மேல்சருகை விலக்கும்போது தொட்டியிலிருந்து ஆவி கிளம்புவதை மதிலுக்கு மேலாக நான் பார்த்திருக்கிறேன். பொங்கல் பானையைத் திறந்தவர் மாதிரி முகத்தைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்வார்.

இரண்டு பேர் வீட்டுத் தோலில் தொட்டி நிறையாது. ஆகவே தெருவில் மிச்சமுள்ள ஆறு வீட்டுக்கும் ஆளுக்கொரு பழைய பெயிண்ட் வாளியைக் கழுவிக் கொடுத்தார். தினமும் காலையில் வாசலில் வைத்தால் எடுத்துக்கொண்டு, கொட்டிவிட்டு, திருப்பி வைத்துவிடுவார். தெருவுக்கு ஏகச் சந்தோஷம். அதுவரை அந்தக் குப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், இருட்டின பிறகு எதிர்க் காட்டுச் சீமைக்கருவேலுக்கு அடியில் கொட்டி வந்தவர்கள்தாம் எல்லாரும்.

சிக்கல் வந்தது வெள்ளிக்கிழமையால். குப்பையாக இருந்தவரை எல்லா வெள்ளியும் கொட்டினார்கள். ஒருவர் வந்து கேட்டு வாங்குகிறார் என்றதும் அது குப்பை இல்லை, பொருள். வெள்ளிக்கிழமை வீட்டுப் பொருளை வெளியே கொடுத்தால் லெட்சுமி கூடவே போய்விடுவாள் அல்லவா? இரண்டாவது வாரமே ஐந்து வாசலில் வாளி இல்லை. என் மனைவியும் எங்கள் வாளியை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள். அழுகின முருங்கைக்காயோடு லெட்சுமி ஏன் போகப்போகிறாள் என்று கேட்டேன். "உங்களுக்கு எல்லாம் தெரியும்" என்றாள். அது எங்கள் வீட்டில் ஒரு விவாதம் முடிந்ததற்கான அறிவிப்பு.

அந்த அம்மா யாரிடமும் வாதாடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை முந்தானை நிறையக் கறிவேப்பிலையோடு வந்தார். கதவைத் தட்டி, முதலில் ஒரு கொத்தை வீட்டுக்காரி கையில் கொடுத்தார். பிறகுதான் வாளியைத் தொட்டார்.

"நான் குடுத்துட்டுத்தான் வாங்குறேன் மதினி. போன லெச்சுமிக்கு வந்த லெச்சுமி சரியாப் போச்சு."

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து வியாழக்கிழமை வாளி எல்லாம் பாதியாக வந்தது. வெள்ளிக்கிழமை கறிவேப்பிலைக்காகத் தெருவே குப்பையைச் சேர்த்து வைத்திருந்தது.

இதெல்லாம் வேடிக்கை. அந்த அம்மாவின் விசேஷம் வேறு. ஆறு வாளியையும் அவர் அப்படியே கவிழ்ப்பதில்லை. பிளாஸ்டிக், எலும்பு, நூல் என்று பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் போடுவார். பொறுக்குகிறவர் கண்ணில் என்னதான் தப்பும்? எந்த வீட்டில் வெங்காயத்தோல் இல்லாமல் பரோட்டாப் பொட்டலத்துச் சணல் மட்டும் கிடக்கிறது, எந்த வீட்டு மாமியார் 'எனக்குப் பல்லே இல்லை' என்று சொல்லிக்கொண்டு கரும்பு மென்று துப்புகிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். மூன்று ஆண்டில் அதில் ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. கிளறிப் பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "குப்பையில பாத்ததக் குப்பையிலயே மூடிரணும்."

எனக்குச் சர்க்கரை உண்டு. சப்போட்டாவும் பிடிக்கும். இந்த இரண்டு தகவலும் ஒரே வீட்டில் ஒன்றையொன்று சந்திக்காமல் நான் பார்த்துக்கொண்டேன். தோலையும் கொட்டையையும் வாழை இலைக் கிழிசலில் சுருட்டி, கத்தரிக்காய்க் காம்புக்கு அடியில் புதைத்து வைப்பேன். ஒரு நாள் காலை நானும் மனைவியும் வாசலில் நிற்கும்போது அந்த அம்மா வாளியை எடுத்தார்.

"சார், சில பழத்துக் கொட்டை சீக்கிரம் மக்காது."

"எந்தப் பழம்?" என்றாள் என் மனைவி.

"பொதுவாச் சொல்றேன் மதினி."

அவ்வளவுதான். டாக்டர் சொல்லி நிறுத்தாதவன் அந்த வாரத்தோடு நிறுத்தினேன். ஒரு மாதத்துக்கு.

கடைசி வீட்டில் ஒரு பெண். கணவர் கத்தாரில். ஒரு முறை மூன்று நாள் தொடர்ந்து அவள் வாளியில் டீத்தூள் சக்கை மட்டும் இருந்ததாம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பிற்பாடு அந்தப் பெண்ணே என் மனைவியிடம் சொன்னாள். நான்காம் நாள் அந்த அம்மா ஒரு தூக்குவாளியில் கஞ்சியோடு போய், "மிஞ்சிருச்சும்மா. தொட்டியில ஊத்தப் போனேன். நீ ஒரு வாய் குடிச்சா தொட்டி மண்புழு கோவிச்சுக்கிராது" என்றாராம். எதற்குச் சாப்பிடவில்லை என்று கேட்கவே இல்லையாம்.

இப்போது என் டிரம்முக்கு வருகிறேன்.

மகள் பிரசவத்துக்காக என் மனைவி கோயம்புத்தூர் போனாள். எனக்கு ஓய்வு நேரமும் தன்னம்பிக்கையும் ஒரே சமயத்தில் கூடிவிட்டன. மக்கு உரம் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. பணியில் இருந்த நாளில் எருக்குழி அறிக்கை தயாரித்தவன் நான்: எடுத்தவை எத்தனை, முடித்தவை எத்தனை, நிலுவை எத்தனை. ஒரு குழியையும் எட்டிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். செங்கல், சருகு, புட்டு மாவு என்று முறையில்லாமல் செய்கிறாரே, நாம் முறைப்படி செய்து காட்டுவோம் என்று தோன்றியது.

மூடியோடு ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம் வாங்கி, கழிவறைக்குப் பின்னால் மேற்கு மதிலை ஒட்டி வைத்தேன். ஒரு பதிவேடு திறந்தேன். நாள், இட்ட பொருள், அளவு, குறிப்பு என்று நான்கு பத்தி. அலுவலக நாளில் எடுத்து வைத்திருந்த உரக் கையேட்டில், காற்றுக்கு டிரம்மைச் சுற்றித் துளை போடச் சொல்லியிருந்தது. துளைப்பான் வைத்திருக்கும் தச்சர் ஊருக்குப் போயிருந்தார். 'துளை: நிலுவையில்' என்று குறித்துவிட்டு, ஈ வராமல் மூடியை இறுக்கினேன். மனைவி இல்லாத வீடு, கடைச் சாப்பாடு. மிஞ்சிய சால்னா, சாம்பார், தயிர்சாதம், எலும்பு எல்லாம் உள்ளே போயின. சருகு பொறுக்க எனக்கு இடுப்பு வளையாது. அதையும் நிலுவையில் வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் தெருவில் நாற்றம் எழுந்தது. சும்மா நாற்றம் இல்லை. வாசலில் நின்று பேசுகிறவர்கள் பேச்சைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போகிற நாற்றம். எனக்கும் வந்தது. என் புத்தி உடனே வேலை செய்தது: நான் செய்வது முறைப்படி. அந்த அம்மா செய்வது முறையில்லாமல். ஆகவே நாற்றம் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த கணக்கு வாத்தியாரும் அதே முடிவுக்கு வந்திருந்தார். "சார், நீங்க எழுதுனாத்தான் நடக்கும்" என்றார். ஓய்வு பெற்றவனிடம் இந்த வாக்கியத்தைச் சொன்னால் அவன் சொந்தத் தம்பி மீதும் மனு எழுதுவான். எழுதினேன். ஒரு முழுத்தாளில், கையெழுத்துக்கு இடம் உட்பட, முக்கால் பக்கம். பொருள், பார்வை, வேண்டுகோள், நகல். 'மேற்படி வீட்டில் குடியிருப்பவரால் பொதுச் சுகாதாரத்துக்கு ஏற்பட்டுள்ள கேடு' என்ற வரியை இரண்டு முறை படித்து ரசித்தேன். ஐந்து வீட்டுக் கையெழுத்து விழுந்தது, என்னுடையதும் சேர்த்து. ஆறாவது கத்தார்க்காரர் வீடு. "எனக்கு ஒண்ணும் நாறலையே சார்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

அசல் சுகாதார ஆய்வாளருக்குப் போயிற்று. நகல் திருச்சுழியில் இருந்த வீட்டுக்காரருக்கு. ஆய்வாளர் வருவதற்குள் வீட்டுக்காரர் போனில் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

மறுநாள் காலையில் அந்த அம்மா என் வாசலில் நின்றார். கையில் அந்த நகல் இருந்தது. வீட்டுக்காரர் யாரிடமோ கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"சார், நீங்க நல்லா எழுதுவீகன்னு தெரியும். வீட்டுக்காரருக்கு ஒரு லெட்டரு எழுதிக் குடுங்க. ஒரு மாசம் கூடக் கெடு வேணும். பாதி வெந்தத அள்ளிட்டுப் போக முடியாது. அதோட, வாடகைக்குப் போய்க் கேட்டா, குப்பை போடுற அம்மாவான்னு கேக்காக. எங்குட்டும் வீடு அமைய மாட்டேங்குது."

நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. என் கண் அந்த நகலை விட்டு நகர மறுத்தது.

"நான் நல்லா எழுதுவேன்னு யாரு சொன்னது?"

"கையெழுத்து அஞ்சு பேரு போட்டிருக்காக. எழுத்து ஒரு ஆளு எழுத்துதான சார்?" கோபம் இல்லை. பருப்பில் உப்புக் குறைவு என்று சொல்கிற குரல். "அது கெடக்கட்டும். உங்க டிரம்முக்கு ஓட்டை போடுங்க. மூச்சு முட்டுது அதுக்கு."

"என் டிரம்மா?"

"தொறந்து பாருங்க."

இருவரும் பின்பக்கம் போனோம். நான் மூடியைத் திருகினேன். அது 'புஸ்' என்று ஒரு மூச்சு விட்டது. அடுத்த நொடி நான் துளசி மாடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கறுப்பாக ஒரு கூழ். அது கொதித்துக்கொண்டிருந்தது போலத் தோன்றியது. அந்த அம்மா அசையாமல் எட்டிப் பார்த்தார்.

"சால்னா" என்றார்.

மூடியைப் பாதி திருகியபடி கேட்டேன்: "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே."

"பிறகு ஏன் சொல்லலை? வீடு போகப்போகுதேம்மா!"

"யாரு வீட்டுக் குப்பையையும் நான் வெளிய சொன்னதில்ல சார். உங்களுக்குன்னு தனிச் சட்டமா போட முடியும்?" சேலையை இடுப்பில் செருகிக்கொண்டார். "தள்ளுங்க. ரெண்டு சாக்குச் சருகும் நாலு கூடை என் பழைய உரமும் கொண்டாந்து பெரட்டி விடுறேன். சாயங்காலத்துக்குள்ள நாத்தம் அடங்கிரும்."

அங்கேதான் எனக்கு முதல் முறையாக என் படிப்பு உதவியது. நாற்றம் அடங்கிவிட்டால் எல்லாரும் என்ன நினைப்பார்கள்? மனு கொடுத்தோம், அந்த அம்மா பயந்து சுத்தம் செய்துவிட்டார் என்பார்கள். வீட்டுக்காரர் முடிவும் அப்படியே நிற்கும். ஆய்வாளர் மறுநாள் காலை வருவதாகத் தகவல் வந்திருந்தது.

"தொடாதீக" என்றேன். "இது சாட்சி. ஆய்வு முடியுற வரைக்கும் இது நாறியே ஆகணும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வேணாம் சார். மதினி ஊருல இல்லாத நேரம். தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்றம் பாதிக் காரணம். பணியில் இருந்தவரை 'தவறு என்னுடையது' என்று ஒரு கோப்பிலும் நான் எழுதியதில்லை. 'கவனக்குறைவாக நேர்ந்துள்ளது' என்று எழுதுவேன். யாருடைய கவனம் என்று இலக்கணம் கேட்காது.

காலையில் ஆய்வாளர் பைக்கில் வந்தார். திருச்சுழி பஸ்ஸில் வீட்டுக்காரர் வந்து இறங்கினார். கணக்கு வாத்தியார் உட்பட நான்கு வீட்டாரும் கூடியிருந்தார்கள். எல்லாரும் அந்த அம்மா கொல்லைக்குத் திரும்பினார்கள். நான் குறுக்கே நின்று, முதலில் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். காபி கொடுக்கப்போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், மறுப்பில்லாமல் வந்தார்கள். மதிலோரம் நிறுத்தி, மூடியைத் திறந்தேன்.

ஆய்வாளர் மூன்று அடி பின்னால் போனார். வீட்டுக்காரர் துண்டால் முகத்தையே கட்டிக்கொண்டார். "அய்யா, மூடுங்க, மூடுங்க! பஸ்ஸுல வந்த வயிறு!"

"மனு எழுதுனதும் நான்தான்" என்றேன். "நாறுனதும் நான்தான்."

எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூச்சு விட்டால்தானே பேச முடியும். பிறகு கணக்கு வாத்தியார் சிரித்தார். சிரிக்க மூச்சு இழுத்து, இருமினார். அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

ஆய்வாளர் அந்த அம்மாவின் தொட்டிக்குப் போய்ச் சருகை விலக்கி ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். இன்னொரு முறையும் முகர்ந்தார். "முதல் மழைக்குக் கரிசல் மணக்குமே, அப்படி இருக்கு" என்று சொல்லி, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "நாத்தம் உங்களது, சரி. மனு அஞ்சு பேரோடதுல்ல? இவுகள நான் வச்சுக்கிட்டா, நாளைக்கு அஞ்சு பேரும் சேந்து எம்மேல ஒண்ண எழுதுவீக. அஞ்சு பேரும் வாபஸுன்னு கையெழுத்துப் போடுங்க. இவுக இருக்கட்டும்."

அவர் டீக்கடையில் உட்கார்ந்திருக்க, நான் வாபஸ் கடிதத்தோடு வீடு வீடாகப் போனேன். மூன்று வீட்டில் சிரித்துக்கொண்டே போட்டார்கள். கணக்கு வாத்தியார் முரண்டு பிடித்தார்.

"போட்ட கையெழுத்த வாபஸ் வாங்குனா நம்ம மதிப்பு என்ன சார் ஆகும்? உங்களுதுதான் நாறுச்சு, நீங்க வாங்குங்க. நான் எதுக்கு?"

"சரி. ஒண்ணு மட்டும் யோசிங்க. நம்ம தெரு வாளி எல்லாம் அந்தம்மா கையிலதான் போகுது. என் டிரம்மப் பத்தி மொத நாளே தெரியும். வீடே போகுதுன்னு வந்தப்பக்கூட வாயத் தொறக்கல. உங்க வாளியும் தினமும் அங்கதான போகுது? அதப் பத்தியும் இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல."

வாத்தியார் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மனைவி அடுப்படியில் இருந்தார்.

"பேனா இருக்கா?" என்றார்.

அவர் வாளியில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தவர் சொல்லவில்லை.

கடிதத்தை வாங்கிப் படித்ததும் வீட்டுக்காரர் பத்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் மேற்கு மதிலோரம் வந்தபோது அந்த அம்மா ஏற்கெனவே டிரம்மைச் சாய்த்து, சருகோடு பிரட்டிக்கொண்டிருந்தார். முறைப்படி ஏதாவது சொல்ல வேண்டும் என்று, வருத்தம் தெரிவிக்கிறேன் என்பது போல ஒன்றை ஆரம்பித்தேன்.

"கையில பிடிங்க சார் அந்தச் சாக்க" என்றார். பிடித்தேன்.

முடித்துவிட்டுக் கையைக் கழுவினார். இடுப்பில் செருகியிருந்த மனு நகலை எடுத்து விரித்தார். கீழே கால் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. அதை மட்டும் நகத்தால் மடித்து, நேராகக் கிழித்து, நான்காகக் கிள்ளித் தொட்டியில் போட்டுச் சருகால் மூடினார். எழுத்து இருந்த முக்கால் பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

"மை பட்ட தாளு என் புழுவுக்கு ஆகாது. இத நீங்களே வச்சுக்கிருங்க சார்."

போன ஆண்டு அந்த அம்மாவின் மகளுக்கு மதுரையில் வேலை கிடைத்து இருவரும் போய்விட்டார்கள். அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது.